அம்மா எங்க, காட்டு

எங்கள் வகுப்பு கிரேயான் டப்பாவில் எப்போதும் முதலில் தீர்ந்துபோவது ஒரே ஒரு நிறம்தான். வெளிறிப்போன ரோஸ். அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் 'பாடி கலர்'. மனுஷ முகம் வரைந்தால் அதைத்தான் பூச வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. என் வகுப்பில் இருபத்திரண்டு பேர். அந்த நிறத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. நானும் கிடையாது.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் பள்ளிக்கூடம். எச்.எம். சாரையும் சேர்த்து மூன்று பேர்தான் வாத்தியார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். பிள்ளைகளிடம் அல்ல, பெரியவர்களிடம்தான். அதனால் எச்.எம். சார் என்னிடம் எதையும் பாதி தூரத்தில் நின்றுதான் சொல்வார்.

அந்த வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நன்றாகப் படிப்பாள். மற்றவர்கள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது இவள் பக்கத்தை முடித்துவிட்டு ஜன்னல் வழியாக ஆட்டுக்குட்டி பார்த்துக்கொண்டிருப்பாள். வகுப்பிலேயே ரொம்பக் கருப்பும் அவள்தான். பேசுவதற்கு யாரிடமும் பயம் கிடையாது. ஆனால் நான் போனை எடுத்து வகுப்பைப் படம் பிடிக்கலாம் என்றால் மட்டும் எங்கிருந்தாலும் பின்வரிசைக்குப் போய், உயரமான பையன் யாராவது ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"எங்க அத்தை சொல்லுச்சு டீச்சர். என்னை போட்டோ புடிச்சா பல்லு மட்டும்தான் தெரியுதாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அத்தை சொன்னதும் ஒரு தமாஷ்தான், கல்யாண வீட்டில் எல்லாரும் சிரித்த தமாஷ். எனக்கு அந்த அத்தையை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது.

அந்த வாரமே 'என் அம்மா' என்று படம் வரையச் சொன்னேன். அவள் அம்மாவுக்கு நீளப் பின்னல் போட்டாள், பூ வைத்தாள், பச்சைப் புடவை கட்டினாள், முகத்துக்கு மிச்சமிருந்த பாடி கலர் குச்சியைத் தேய்த்து முடித்தாள்.

"உங்கம்மா இந்தக் கலர்லயா இருக்காங்க?"

டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி பார்த்தாள். "இல்ல டீச்சர். எங்கம்மா என்னை மாதிரிதான் இருக்குது. ஆனா படத்துல அப்படித்தான போடணும்?"

நான் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தேன். அங்கே 'என் குடும்பம்' சார்ட் தொங்கியது. செஞ்சி பஜாரில் நானே பொறுக்கி வாங்கிவந்து, நானே ஆணி அடித்து மாட்டியது. அப்பா டை கட்டியிருந்தார். அம்மா ரோஸ் நிறத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மாட்டி நாலு வருஷம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

நிறம் மட்டும் இல்லை. ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று நோட்டில் எழுதச் சொன்னால், இருபத்திரண்டு பேரும் இட்லி சாம்பார் என்று எழுதுவார்கள். கருவாட்டுக் குழம்பு வாசம் கையில் இருக்கும், கை இட்லி சாம்பார் என்று எழுதிக்கொண்டிருக்கும். வீட்டை வரையச் சொன்னால் மாடி வீடு, பக்கத்தில் கார். தங்கள் வீடு, தங்கள் சோறு, தங்கள் அம்மா எதுவும் புத்தகத்தில் வைக்கிற பொருள் இல்லை என்று எட்டு வயதுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சார்ட்டைக் கழற்றிச் சுருட்டி பீரோவுக்கு மேல் போட்டேன்.

அப்படித்தான் எங்கள் வகுப்புப் புத்தகம் என்கிற யோசனை வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். மேலே அவரவர் வீட்டில், அவரவர் ஆட்களோடு எடுத்த படம். கீழே அந்தப் பிள்ளை சொன்ன மூன்று வரி, அதன் பேச்சிலேயே. வாசிக்கப் பழகுகிற புத்தகமாக வகுப்பில் இருக்கும், ஆளுக்கு ஒன்று வீட்டுக்கும் போகும். குழந்தைகள் தினத்தன்று பெற்றோரை வரவழைத்துக் கொடுப்பது என்று முடிவு. எச்.எம். சார் பாதி தூரத்தில் நின்று கேட்டார். "செய்யுங்க டீச்சர். பாடம் மட்டும் பின்தங்காம பாத்துக்குங்க" என்றார். ஆனால் என் மனசுக்குள் அந்தப் புத்தகம் இருபத்திரண்டு பேருக்கு இல்லை. அந்த ஒரு பெண் புத்தகத்தைத் திறந்து, தன் பக்கத்தைப் பார்த்து, யார் முதுகுக்கும் பின்னால் போகாமல் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அக்டோபரில் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாகப் போனேன். அவள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அம்மா கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் செம்மண். அவள் அப்பாவுக்கு, அவர்கள் பேச்சில் நைனாவுக்கு, பெங்களூரில் கட்டட வேலை. அம்மாவின் இடுப்பில் ஒன்றரை வயதில் ஒரு குழந்தை, அவள் தங்கச்சி. வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. பெரியவளை ஜாடையாகக் கூப்பிட்டு, காதில் ஏதோ சொல்லி, கடைக்கு ஓடச் சொன்னாள். எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டில் ஜூஸ் வாங்கத்தான். எங்கள் தெருவுக்கு டீச்சர், நர்ஸ் யார் வந்தாலும் என் அம்மாவும் என்னை இப்படித்தான் கடைக்கு விரட்டுவாள். வீட்டுத் தண்ணீரைக் கொடுத்து, வந்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்க முடியாது. கடை பாட்டில் என்றால் அந்தச் சங்கடம் யாருக்கும் இல்லை.

"ஜூஸெல்லாம் வேணாம். பானைத் தண்ணி ஒரு டம்ளர் குடுங்க. பஸ்லேர்ந்து நடந்தே வந்தேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எங்கூட்டுத் தண்ணியா டீச்சர்?"

"ஏன், உங்க ஊட்டுல தண்ணி இல்லையா?"

சிரித்துவிட்டாள். பெரிய டம்ளர் நிறைய கொண்டுவந்தாள். அதன்பிறகு பேச்சு சகஜமாகிவிட்டது. ஆனால் படம் என்றதும் மறுபடி பதறினாள். "இந்தக் கோலத்துலயா டீச்சர்? இருங்க, மூஞ்சி கழுவிகினு, பவுடர் போட்டுகினு வந்துட்றேன்."

"அப்படியே இருங்க. இதுதான் நல்லா இருக்குது."

"இன்னா நல்லா இருக்குது? மண்ணும் மசுருமா" என்று அலுத்துக்கொண்டே நின்றாள். பெரியவள் அம்மாவின் முந்தானைக்குள் பாதி ஒளிந்துகொண்டாள். பாப்பா அம்மாவின் கன்னத்தைப் பிடித்து இழுத்தது, மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள், நான் பொத்தானை அமுக்கினேன். வெயில் சாய்கிற நேரம். அந்த அம்மாவின் முகத்தில் வியர்வை மின்னியது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

மூன்று வரி சொல்லச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "இது எங்கம்மா. எங்கம்மா மல்லாட்ட புடுங்குது. வெயில்ல கூட பாட்டு பாடும்." அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு அவள் என் போனை வாங்கி, "உங்கள நான் எடுக்கறேன் டீச்சர்" என்று, கையில் டம்ளரோடு தரையில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு படம் எடுத்தாள். தலை கலைந்து, கழுத்தெல்லாம் வேர்த்து, பஸ்ஸில் கசங்கிய புடவையோடு இருந்தேன். கடைசிப் பக்கத்துக்கு டீச்சர் படமாக அதையே வைத்துவிடலாம் என்று சொன்னேன். பெரிய மனசோடுதான் சொன்னேன், அப்போது.

படங்களையெல்லாம் செஞ்சி பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். போட்டோவும் எடுப்பார்கள், புத்தகமாக அச்சடித்தும் தருவார்கள். முன்பு அப்பா நடத்தினார், இப்போது மகன் நடத்துகிறார். நாலு நாள் கழித்து எல்லாப் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'ஓகேவா டீச்சர்' என்று கேட்டிருந்தார். அப்போது நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் திறந்தது கடைசிப் பக்கத்தை. என் படம் பிரமாதமாக இருந்தது. முகம் பளிச்சென்று, கழுத்து வேர்வை காணாமல், பத்து வயசு குறைந்து இருந்தேன். பரவாயில்லையே, இந்தப் பொண்ணு நன்றாக எடுத்திருக்கிறாளே என்று நினைத்தேன். மற்ற பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனேன், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

குழந்தைகள் தினத்தன்று காலையில்தான் புத்தகப் பெட்டி வந்தது. பெற்றோர் எல்லாரும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்குப் போகாமல் வந்திருந்த அம்மாக்கள், ஒன்றிரண்டு நைனாக்கள். எச்.எம். சார் ரிப்பனை வெட்டினார். புத்தகத்தை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். பிள்ளைகள் திறந்தார்கள். ஒரு பையன் கத்தினான். "டீச்சர், நான் செவப்பாய்ட்டேன்!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் ஒரு புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். அப்போதுதான் பார்த்தேன். இருபத்திரண்டு பக்கத்திலும் எல்லாரும் ரோஸ் நிறத்தில் இருந்தார்கள். பிள்ளைகள், அம்மாக்கள், நைனாக்கள், ஒரு படத்தில் பின்னால் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட. பாடி கலர் குச்சியை எடுத்து யாரோ உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தேய்த்த மாதிரி இருந்தது. நான் கழற்றிப் போட்ட சார்ட்டையே திரும்ப அச்சடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன், அதுவும் அவர்கள் முகத்தை வைத்தே.

அவள் எங்கே என்று தேடினேன். அம்மாவின் மடியோரம் உட்கார்ந்து தன் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் வெளிச்சம்.

"நான் நல்லா இருக்கேனா டீச்சர்?"

இருபது வருஷ வாத்தியார் நான், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவளுடைய அம்மா புத்தகத்தைத் துடைத்து, "சூப்பரா வந்துருக்குது டீச்சர். மண்ணோட நின்னேனா, பயந்துகினு இருந்தேன்" என்றாள். அவளும் சந்தோஷமாக இருந்தாள். எல்லாருமே சந்தோஷமாக இருந்தார்கள். எச்.எம். சாரைத் தனியாகக் கூப்பிட்டு, புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் சார் என்றேன். "இன்னா டீச்சர் நீங்க? பசங்க எவ்ளோ குஷியா இருக்குதுங்க பாருங்க. கைல குடுத்தத புடுங்குவாங்களா?" என்றார். முதல்முறையாக அவர் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார். சொன்னதிலும் நியாயம் இருந்தது. புத்தகங்கள் வீட்டுக்குப் போய்விட்டன.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்னென்ன கேட்பது என்று வரிசையாக வைத்திருந்தேன்.

"யார் கேட்டு வெள்ளையாக்கினீங்க?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர், நாங்களே பண்ணிடுவோம். ஸ்கூல் பசங்கன்னு கொஞ்சம் எக்ஸ்ட்ராவாவே டச்சப் பண்ணேன், ஃப்ரீயா. பண்ணலன்னாதான் சண்டைக்கு வருவாங்க, இப்படி கருப்பா எடுத்துட்டீங்களேன்னு." சுவரில் அவருடைய கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. ஆள் நல்ல கருப்பு. போட்டோவில் அவரும் ரோஸ்தான். பிறகு போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். கோபமாக இல்லை, பாவமாக. "நீங்க ஓகே போட்டீங்களே டீச்சர்."

கட்டைவிரல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்காமல் பஜாரிலேயே ஒரு டீ குடித்தேன். எதிரே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை முழுசாகத் தெரிந்தது. எவ்வளவோ பேர் ஊர்விட்டு ஊர் வந்து அந்தக் கருத்த பாறைகளைப் போட்டோ எடுத்துப் போகிறார்கள். ஒருத்தரும் அதை வெள்ளையாக்கித் தரச் சொல்லிக் கேட்பதில்லை.

அதே ஸ்டூடியோவில்தான், இவருடைய அப்பா இருந்த காலத்தில், எனக்குப் பொண்ணு போட்டோ எடுத்தார்கள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அம்மா அரை டப்பா பவுடரைக் கொட்டினாள். அவர் இரண்டு பக்கமும் பெரிய லைட்டை வைத்தார், அப்போதுதான் வாங்கியிருந்த கம்ப்யூட்டரில் மீதியையும் முடித்துக் கொடுத்தார். போட்டோவில் இருந்த பெண்ணை எனக்கே பிடித்திருந்தது. அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். காபித் தட்டை எடுத்துக்கொண்டு நான் போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"போட்டோல இருந்த பொண்ணு எங்க?" என்று என் அம்மாவிடம் கேட்டார்.

"அதான் இது" என்றாள் அம்மா.

கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஸ்டூடியோக்காரர் மேலும் வரவில்லை. என் முகத்தின் மேல்தான் வந்தது. அந்தக் கோபம் ரொம்ப வருஷம் என்னோடு இருந்தது. பின்னால் என்னைக் கட்டிக்கொண்டவர் ஆசிரியர் பயிற்சியில் எனக்கு மூன்று பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்தவர், அவர் போட்டோவே கேட்கவில்லை. ஆனாலும் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அந்த மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை. இவ்வளவு தெரிந்தவள்தான் பஸ்ஸில் நின்றுகொண்டு என் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கட்டைவிரலைப் போட்டேன்.

ஒரு வாரம் எதுவும் செய்யவில்லை. திரும்ப அச்சடிக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணிடம் போய் என்ன சொல்வது? முதல்முறையாகத் தன் படத்தைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அதைப் பிடுங்கிக்கொண்டு, இல்லம்மா, நீ கருப்புதான், இந்தா உன் கருப்பு என்று கொடுக்கிற டீச்சராக என்னால் இருக்க முடியவில்லை. அவள் தினமும் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். மூலை மடங்காமல் நோட்டு அட்டைக்கு நடுவில் வைத்திருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மதிய சாப்பாடு முடிந்து எல்லாரும் விளையாடப் போனபிறகு, அவள் மட்டும் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"டீச்சர், பாப்பாவுக்கு இதுல அம்மாவ தெரியல."

"தெரியலன்னா?"

"நான் தினமும் பாப்பாவுக்கு புக்கு காட்றேன். நாய் எங்க காட்டுன்னா, நாய் படத்துல கை வைக்குது. மரம் எங்கன்னா வைக்குது. அம்மா எங்க காட்டுன்னா, திரும்பி எங்கம்மாவ காட்டுது. அடுப்பாண்ட இருக்குமே, அங்க. புக்குல காட்டுன்னு தலைய புடிச்சித் திருப்புனாலும் மறுபடி அங்கதான் காட்டுது."

"குழந்தைதான, பழகிடும்."

"பழகல டீச்சர். ஒரு வாரமா காட்றேன்." அவள் புத்தகத்தை மேசைமேல் விரித்தாள். "மொதல்ல அம்மாவும் சிரிச்சுது. நேத்து சிரிக்கல. புக்க வாங்கிப் பாத்துட்டு, பாப்பாவுக்கு தெரியுது, நமக்குத்தான் தெரியலன்னு சொல்லிட்டு வெளிய போய்டுச்சு."

நான் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைப் பார்த்தோம். பச்சைப் புடவை, செம்மண், சிரிப்பு எல்லாம் இருந்தது. அம்மா மட்டும் இல்லை.

"எங்கம்மாவ அம்மா கலர்லயே போட்டுத் தாங்க டீச்சர்" என்றாள்.

"சரி. உன்னை?"

அவள் விரலால் படத்தில் இருந்த தன் முகத்தை மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்கு அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் அவசரப்படுத்தவில்லை.

"என்னையும்தான்" என்றாள் கடைசியில். "பாப்பா என்னையும் தேடுது."

அன்று மத்தியானம் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் ஒரு தப்பு செய்துவிட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன். போனில் என் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓகே போட்டதையும் மறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது, டீச்சர்கூட இப்படிச் செய்வார்களா என்று. நான் எடுத்த நிஜப் படங்களைப் போனில் ஒவ்வொருவருக்கும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டேன். நிறையப் பேர் நிஜப் படம் என்றார்கள். நாலைந்து பேர் வெள்ளைப் படமே இருக்கட்டும் என்றார்கள். செவப்பாய்ட்டேன் என்று கத்திய பையன் அதில் ஒருத்தன். நான் கட்டாயப்படுத்தவில்லை. என்னைத் திருத்திக்கொள்ளவே எனக்கு நாற்பத்தைந்து வயது ஆகியிருக்கிறது, அவனுக்கு எட்டுதான்.

ஸ்டூடியோக்காரர் மறுபேச்சு பேசாமல் பழைய படங்களை எடுத்தார். அந்த அம்மாவின் பக்கம் வந்ததும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார். "நல்ல வெளிச்சத்துல எடுத்துருக்கீங்க டீச்சர். இதுல கை வெச்சிருக்கவே கூடாது" என்றார். வேலை தெரிந்தவர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசிப் பக்கம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுது? இதுக்கு மட்டும் கொஞ்சமா டச்சப் வெச்சிக்கலாமா?"

வேண்டாம் என்று சட்டென்று சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. கலைந்த தலையையும் வேர்த்த கழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். லைட்டா வைக்கலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. பாப்பா என்னையும் தேடுது என்று சொன்ன அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்ததும்தான், "அப்படியே விடுங்க" என்றேன்.

புதுப் புத்தகம் கைக்கு வந்த அன்று சாயங்காலம் அவளோடு சேர்ந்து நானும் அவள் வீட்டுக்கு நடந்தேன். இந்த முறை அந்த அம்மா யாரையும் கடைக்கு அனுப்பவில்லை. நான் உட்காருவதற்குள் தண்ணீர் டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது. பாப்பா தரையில் உட்கார்ந்து மல்லாட்டைத் தோலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது.

பெரியவள் அதன் முன்னால் புத்தகத்தை விரித்தாள். நாய் எங்க என்றாள், மரம் எங்க என்றாள், பாப்பா ஒவ்வொன்றிலும் கை வைத்தது. அவள் வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறாள் என்று தெரிந்தது. அம்மா அடுப்படியிலேயே நின்றாள், கிட்டே வரவில்லை. வந்தால் பாப்பா தன்னையே காட்டிவிடுமோ என்று பயந்திருப்பாள்.

"அம்மா எங்க? காட்டு" என்றாள் கடைசியாக.

பாப்பா பக்கத்தைப் பார்த்தது. திரும்பி அடுப்படியைப் பார்த்தது. மறுபடி பக்கத்தைப் பார்த்தது. அப்புறம் குனிந்து, உள்ளங்கையை விரித்து, படத்தில் அம்மாவின் முகத்தின்மேல் தட்டென்று வைத்து, "ம்மா" என்றது.

பெரியவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கோலத்துலயே இருந்துட்டுப் போறேன் போ. எம் புள்ளைக்கு தெரிஞ்சா போதும்" என்றாள். பாப்பா கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அடுத்ததாகத் தன் அக்காவையும் தேடித் தட்டியது, யாரும் கேட்காமலேயே. பெரியவள் தன் படத்தை மறைக்கவில்லை. யார் முதுகுக்குப் பின்னாலும் போகவில்லை. தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

நான் கிளம்ப எழுந்தேன். பெரியவள் விடவில்லை. "இருங்க டீச்சர், இன்னும் ஒண்ணு இருக்குது" என்று பக்கங்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எனக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபத்துநாலு வயதில் காபித் தட்டோடு நின்றபோது அடித்த மாதிரியே அடித்தது.

"டீச்சர் எங்க?" என்று பாப்பாவைக் கேட்டாள்.

பாப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பக்கத்தைப் பார்த்தது. மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்த கையை நேராகக் கொண்டுபோய், படத்தில் இருந்த என் முகத்தின்மேல் வைத்தது.